புது அடுப்படியும் பழைய வாய்க்காலும்

ஆகஸ்ட் 16

இது கம்பெனிக்காரர்கள் தை மாதம் கொடுத்த டைரி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைச் சுற்றியிருக்கும் ஊராட்சித் தலைவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு மரக்கன்று படம். கல் தோண்டுகிறவர்களுக்குக் கன்று மேல் இவ்வளவு பாசம் இருப்பது டைரி பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்தது.

முதல் பக்கத்தில் பெயர், பதவி, இரத்த வகை எல்லாம் கேட்டிருக்கிறார்கள். கொளஞ்சியம்மாள், செங்கரைப்பாடி ஊராட்சித் தலைவர் என்று எழுதினேன். இரத்த வகை தெரியவில்லை. "கொதிக்கிற வகைன்னு எழுது" என்றார் என் வீட்டுக்காரர்.

இன்றைக்கு எழுத உட்கார்ந்த காரணம், புது அடுப்படியில் பால் காய்ச்சினோம். வீட்டுக்குப் பின்னால் கொல்லையில் கட்டியது. கருங்கல் மேடை, பாத்திரம் கழுவத் தொட்டி, பெரிய ஜன்னல். நின்றபடி சமைத்துக்கொண்டே ஏரியைப் பார்க்கலாம். கல்யாணமாகி வந்த நாளாகப் புகை அடைந்த மூலையில் குனிந்து ஊதியவள் நான். இவர் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறார். ஓய்வு நாள்களிலெல்லாம் கொத்தனாரோடு நின்று, எனக்காகச் சொல்லிச் சொல்லிக் கட்டினார். சந்தோஷமாக இருக்கிறது. ஊரில் சொன்னால் பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள். அதனால் டைரியிடம் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 21

நேற்று ஒரு பாட்டம் மழை. காலையில் அடுப்படிக் கதவைத் திறந்தால் நாலைந்து தவளைகள் சபை கூட்டி உட்கார்ந்திருக்கின்றன. துடைப்பத்தால் தள்ளினேன். போன வழியே திரும்பி வருகின்றன.

பக்கத்து வீட்டுத் தையல்நாயகி வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குத் தழை போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். போன தேர்தலில் என்னை எதிர்த்து நின்று தோற்றவள்.

"தவள வந்துருச்சா? அப்ப மீனும் வந்துரும் பாரு. கடைக்குப் போவ வேணாம், அடுப்படியிலயே புடிச்சுக்கலாம்" என்றாள்.

தோற்ற வயிற்றெரிச்சல். இவள் வீட்டில் கருங்கல் மேடை இல்லை.

கொத்தனார் அஸ்திவாரம் தோண்டியபோதே சொன்னார், "என்னாங்கம்மா, சுத்தி எல்லாம் களியா இருக்கு, இந்த எடத்துல மட்டும் ஆத்து மணலாட்டம் வருது" என்று. நல்லதுதானே. அந்த மணலிலேயே பூச்சு வேலை முடிந்தது. கூடவே கல்லாய்ப்போன நத்தை ஒன்றும் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் அது கிடைக்கும். ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிறேன். அந்த மூலையில் நட்ட முருங்கைக்குத் தண்ணீரே ஊற்ற வேண்டியதில்லை. ராசியான இடம்.

ஆகஸ்ட் 25

சுரங்க மேலாளர் ஞானதுரை வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தால் எந்த மனிதர் மேலும் சந்தேகம் வரத்தான் செய்கிறது.

விஷயம் இதுதான். இப்போதிருக்கும் குழியில் கல் தீரப்போகிறது. அடுத்து மேட்டுக்காட்டின் கிழக்குப் பக்கம் தோண்டப் போகிறார்கள். அக்டோபர் 9 அன்று பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊராட்சி ஆட்சேபணை இல்லை என்று சொன்னால் நல்லது என்கிறார்.

"கெழக்குப் பக்கந்தான எங்க ஏரிக்கு வர்ற மேட்டு வாய்க்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"வாய்க்காலா? அது செத்துப் போயி எவ்வளவு காலமாச்சு மேடம். அறிக்கையில நீர்வழி எதுவுமில்லன்னுதான் போட்டிருக்கு. உங்க ஏரிக்குத்தான் நாங்க தண்ணி விடுதோம்லா?"

அதுவும் பொய்யில்லை. சுரங்கக் குழியில் ஊறுகிற தண்ணீரை மோட்டாரால் இறைத்து, ரோட்டோரக் குழாய் வழியாக எங்கள் ஏரியில் விடுகிறார்கள். முதன்முதலாகக் குழாயில் தண்ணீர் வந்த அன்று குழாயின் வாய்க்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பொங்கல் வைத்துக் கிடா வெட்டினோம். இன்றும் ஆடி பிறந்தால் குழாய்க்குத்தான் முதல் பொங்கல். மழைத் தண்ணீரைக் கொண்டுவந்த மேட்டு வாய்க்காலை அதன்பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழாய் இருக்கும்போது மண்வெட்டி எதற்கு என்று இருந்துவிட்டோம்.

மேலாளர் காபி குடித்துவிட்டு அடுப்படியைப் பாராட்டினார். பாராட்டுக்கு மயங்குகிற ஆள் நானில்லை. இன்னொரு தம்ளர் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 26

இவரிடம் கேட்டேன், குழி தோண்டுவது நின்றால் என்ன ஆகும் என்று.

"என் லாரி நிக்கும். எதுத்த வீட்டுக்காரன் லாரி நிக்கும். நம்ம தெரு பயலுவ பாதிப் பேரு திருப்பூருக்குப் பஸ் ஏறுவானுவ. மோட்டாரு நிக்கும், கொழா நிக்கும். அப்பறம் ஏரிக்கு நீ கொடத்துல மொண்டு ஊத்து" என்றார்.

"அப்ப வாய்க்காவ வெட்டிட்டாங்கன்னா?"

"இன்னிக்கு ஒண்ணும் ஆவாது. கொழா இருக்கு. கல்லு தீந்து கம்பேனி கெளம்புறான் பாரு, அன்னிக்குக் கொழாயும் இருக்காது, வாய்க்காலும் இருக்காது."

லாரி ஓட்டுகிறவர் இப்படி யோசிப்பார் என்று நான் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்து மாடிக் கட்டடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சுரங்க நிதியில் வந்தவை. நானே அதில் பெயர்ப் பலகை திறந்திருக்கிறேன். சுரங்கம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஏரி வேண்டாம் என்று சொல்லவும் வாயில்லை. இரண்டும் வேண்டும். பேராசை என்றால் பேராசைதான்.

செப்டம்பர் 2

ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம். மேலாளரையும் வரச் சொல்லியிருந்தேன். ஏரிப் பாசனக்காரர்கள் ஒரு பக்கம், லாரிக்காரர்கள் ஒரு பக்கம். வார்த்தை தடித்தது. கத்திரிக்காய்ச் சந்தைகூட இதைவிட அமைதியாக நடக்கும்.

வரைபடத்தைப் பார்த்தேன். "மேற்குப் பக்கமும் கல்லு இருக்குல்ல? அந்தப் பக்கம் தோண்டினா வாய்க்கா தப்பிச்சுக்குமே?"

"இருக்கு. ஆனா மேல மண்ணு ஜாஸ்தி. எடுக்கது கஷ்டம்" என்றார் மேலாளர். "செத்துப்போன வாய்க்காலுக்காக அந்தக் கஷ்டத்தப் படச் சொல்லுதீங்களே மேடம்."

செத்துப்போன, செத்துப்போன என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சுர்ரென்று ஏறியது. "செத்துச்சா உசுரோட இருக்கான்னு தண்ணியவே கேப்போம். உங்க மோட்டார் தண்ணிய ஒரு நாளைக்குக் கொழாயில விடாம மேட்டுக்காட்டுல வாய்க்கா தலையில தெறந்து விடுங்க. அது தானா நடந்து ஏரிக்கு வந்துருச்சுன்னா வாய்க்கா உசுரோட இருக்குதுன்னு அர்த்தம்" என்றேன்.

மேலாளர் சிரித்தார். "வந்துட்டுன்னா, மேற்குப் பக்கமே தோண்டலாம்னு நானே ஹெட் ஆபீஸுக்கு எழுதுதேன். வரலைன்னா?"

"வரலன்னா கெழக்குப் பக்கத்துக்கு நானே ஆட்சேபண இல்லன்னு கூட்டத்துல எந்திரிச்சு சொல்றேன்."

லாரிக்காரர்களும் தலையாட்டினார்கள். கிழக்கோ மேற்கோ, வண்டி ஓடினால் சரி. இருபதாம் தேதி தண்ணீர் விடுவதென்று முடிவாயிற்று. வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

செப்டம்பர் 6

பாசனக்காரர்களோடு வாய்க்கால் தடம் பார்த்து நடந்தோம். மேட்டுக்காட்டில் முள் மண்டியிருந்தாலும் பள்ளம் தெளிவாக இருக்கிறது. முந்திரித் தோப்பு வரை சீமைக்கருவை. ஊருக்குள் வந்த பிறகுதான் வேடிக்கை. ஒருவர் வைக்கோல்போர், ஒருவர் குளியலறை, கோயில் நாடக மேடையின் ஒரு கால், அதற்கப்புறம் தையல்நாயகியின் ஆட்டுக்கொட்டகை. எல்லாம் வாய்க்காலுக்குள்ளே. ஊரே உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறது!

கொட்டகை வரைக்கும் போனோம். வெயில் ஏறிவிட்டது. "இதுக்கு மேல ஏரிதான, எல்லாருக்கும் தெரிஞ்ச எடம்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு என் பின்னால் திரும்பினார்கள்.

செப்டம்பர் 11

நாலு நாளாக வாய்க்கால் வேலை. நூறு நாள் வேலைப் பெண்கள் முள் வெட்டுகிறார்கள். கம்பெனி பொக்லைன் ஒன்று அனுப்பியது. தோற்கடிக்க வந்தவரே ஆயுதமும் கொடுக்கிறாரே என்று மேலாளரைக் கேட்டேன். "போட்டின்னா நேர்மையா நடக்கணும்லா" என்றார்.

வைக்கோல்போர் நகர்ந்தது. குளியலறைக்காரர் முறைத்தார், வாய்க்கால் முக்கியமா உங்கள் வாளி முக்கியமா என்று கேட்டேன், இடித்தார். நாடக மேடைக்குக் கீழே குழாய் வைத்து வழி விட்டோம்.

தையல்நாயகியிடம்தான் சண்டை. "ஆட்ட எங்கடி கட்டுறது? உன் தலையிலயா?" என்றாள்.

"பொது வாய்க்காவுல கொட்டாய் போட்டது யாரு? ஊரு சொத்துல கால நீட்டிக்கிட்டு ஊரு நாயம் பேசக் கூடாது" என்றேன். நன்றாகத்தான் பேசினேன். கூட்டத்தில் ஒருத்தி கை தட்டக்கூடச் செய்தாள்.

தையல்நாயகி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஆடுகளை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டிவிட்டு, தானே கொட்டகைக் கீற்றைப் பிரித்தாள். இவ்வளவு சீக்கிரம் அடங்குவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

செப்டம்பர் 12

அடுப்படித் தரையில் ஓதம். துடைத்தேன்.

செப்டம்பர் 17

மீன்குழம்பு, கோவைக்காய்ப் பொரியல். ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பொரியல் அடிப்பிடித்துவிட்டது. இவர் சாப்பிட்டுக்கொண்டே, "இருவதாந்தேதி தண்ணி நம்ம பக்கம் எப்புடிப் போவும்?" என்றார். அது போகும், தண்ணீருக்குத் தெரியாத வழியா என்றேன். அவர் தட்டைக் கழுவப் போனார். தலைவலி. சீக்கிரம் படுக்கப் போகிறேன்.

செப்டம்பர் 20

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் மேட்டுக்காட்டில் குழாயைத் திருப்பிவிட்டார்கள். வாய்க்கால் தலையில் தேங்காய் உடைத்தோம். எங்கள் ஊரில் புதுத் தண்ணீர் வந்தால் அதைத் தனியாக அனுப்ப மாட்டோம். மண்வெட்டியோடு கூடவே நடக்க வேண்டும். குழாய் வந்த பிறகு விட்டுப்போன பழக்கம், ஆனாலும் கால்களுக்கு ஞாபகம் இருந்தது. ஊரே தண்ணீரோடு நடந்தது. முதலில் சருகையும் எறும்பையும் தள்ளிக்கொண்டு நுரையோடு வந்தது. மண் குடித்தது. குடித்து முடித்ததும் மறுபடி கிளம்பியது. முந்திரித் தோப்பு தாண்டியபோது பெண்கள் குலவையிட்டார்கள். லாரிக்காரர்களும் மண்வெட்டியோடு நின்றார்கள். மேலாளர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

நாடக மேடை தாண்டியது. ஆட்டுக்கொட்டகை இருந்த இடம் தாண்டியது.

அதற்கப்புறம் தண்ணீர் எங்கள் கொல்லை வேலிக்குள் நுழைந்தது. முருங்கையைச் சுற்றியது. நேராக என் அடுப்படிச் சுவரில் போய் முட்டி நின்றது. பின் மெல்ல மெல்ல அகலமாகத் தேங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் ஏரி.

குலவை நின்றுபோயிற்று. அத்தனை பேரும் சுவரைப் பார்த்தார்கள்; பிறகு என்னைப் பார்த்தார்கள். அவமானத்தில் காது எரிந்தது. தவளை, மணல், முருங்கை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். டைரியிடமாவது அப்படிச் சொல்லாமல் இருக்கிறேன்.

மேலாளர்தான் பேசினார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, பாவம் பார்த்த குரலில்தான் சொன்னார். "மேடம், தண்ணி ஏரிக்குப் போகலையே."

நான் தையல்நாயகியைப் பார்த்தேன். "உனக்குத் தெரியும்ல? ஏன்டி சொல்லல?"

"எங்க எல்லாத்துக்குந்தான் தெரியும். எங்கூட்டு மாமனாரு அந்த எடத்துல கெண்ட புடிச்சிருக்காரு. நீயே சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றாள். குரலில் கேலி இல்லை. கேலி செய்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மேனேஜர் சார், தண்ணி இன்னும் நிக்கல. கொஞ்சம் இருங்க" என்றேன். கடப்பாரை கொண்டுவரலாம் என்று திரும்பினால், இவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு வந்து நின்றார். சொல்லிச் சொல்லிக் கட்டிய மனிதர்.

"எனக்காகக் கட்டுனீங்க" என்றேன்.

"நீ எங்க சமைச்சாலும் கொழம்பு அதே கொழம்புதான். ருசி ஒண்ணும் கொறஞ்சுடாது, கூடவும் செய்யாது. இந்தா புடி" என்று கடப்பாரையை என் கையில் கொடுத்தார். கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

முதலில் அடுப்பு, பாத்திரங்களை வெளியே எடுத்தோம். ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்தோம். நத்தைக் கல்லை இடுப்பில் செருகிக்கொண்டேன். முதல் குத்து நான் குத்தினேன். இரண்டாவது தையல்நாயகி. அப்புறம் வைக்கோல்போர்க்காரர், குளியலறைக்காரர், அவர்தான் ரொம்ப உற்சாகமாகக் குத்தினார். முன்சுவர் சரிந்தது. தண்ணீர் உள்ளே போய்க் கருங்கல் மேடைக்கு அடியில் நின்று சுற்றியது. பின்சுவரும் விழுந்ததும், காத்துக்கொண்டிருந்தது போல ஒரே மூச்சில் ஏரியில் இறங்கியது.

நான் இடிபாட்டின் மேல் உட்கார்ந்து அழுதேன். அடுப்படிக்காகத்தான் அழுதேன். ஆனால் அழுகை முடிந்ததும் மனது லேசாக இருந்தது.

மேலாளர் தண்ணீரோடு ஏரிக்கரை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். போகும்போது, "காபி இனிமே எங்க மேடம் கெடைக்கும்?" என்றார்.

"பழைய அடுப்படியில. பொகை வரும், பரவால்லையா?"

"ஹெட் ஆபீஸுக்கு எழுதிட்டு வந்து குடிக்கேன்" என்றார்.

செப்டம்பர் 28

பழைய அடுப்படியைச் சாணி போட்டு மெழுகினேன். எதிர்வீட்டுக்காரர் புகைபோக்கி வைத்துத் தந்தார். பெயர்த்த ஜன்னலைக் கிழக்குச் சுவரில் வைக்கலாம் என்கிறார் இவர். அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரியாது, தையல்நாயகியின் ஆடுகள்தான் தெரியும். வைக்கச் சொல்லிவிட்டேன்.

இடித்த செங்கல்லில் அவளுக்கு மேட்டில் ஆட்டுக்கொட்டகை கட்டிக்கொடுத்தோம். அவள் ஆடுகளுக்கு இப்போது கருங்கல் மேடை இருக்கிறது. அதில் ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்க்கின்றன.

அக்டோபர் 9

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கூட்டம். அதிகாரிகள் வந்திருந்தார்கள். எனக்கு முன்னால் மேலாளர் எழுந்து, "அறிக்கையில நீர்வழி இல்லன்னு போட்டது தப்பு. வாய்க்கால் ஓடுது. நானே கூட நடந்து பாத்தேன். கம்பெனி மேற்குப் பக்கமே தோண்டச் சம்மதிக்கு" என்றார். தப்பு என்ற சொல்லைக் கம்பெனி மைக்கில் கேட்டது எங்கள் ஊருக்கு இதுதான் முதல் தடவை.

நான் பேசினேன். சுரங்கம் நடக்கட்டும் என்றேன். வாய்க்காலின் இரு கரையிலும் இடம் விட வேண்டும், மரக்கன்றை டைரியில் நட்டது போதும், இனிக் கரையில் நட வேண்டும் என்றேன். சிரித்தார்கள். பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் வெடி வைக்கக் கூடாது. லாரி போகிற மண் ரோட்டில் தண்ணீர் தெளிக்க வேண்டும். கல் தீர்ந்து போகிற அன்று குழியைச் சரிவாக்கி, வேலி போட்டு, தண்ணீரோடு ஊருக்கு ஒப்படைக்க வேண்டும் என்றேன். எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டார்கள். பதிவு செய்ததெல்லாம் நடந்துவிடுமா? நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் கொதிக்கிற வகை இரத்தம்.

கடைசியாக ஒரு அதிகாரி, வாய்க்காலை ஊராட்சி பராமரிக்கும் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து தையல்நாயகியின் குரல் வந்தது. "தலைவரம்மா ஊட்டு அடுப்படிய வந்து பாருங்கய்யா." பந்தலே சிரித்தது. நானும்தான்.

அக்டோபர் 24

மூன்று நாளாக விடாத மழை. குழித்தண்ணீர் இல்லை, மோட்டார் இல்லை, மேட்டுக்காட்டு மழை தானாக வாய்க்காலில் இறங்கிக் கொல்லை வழியாகச் சுழித்துக்கொண்டு போகிறது. ஏரி நிரம்பிக் கலிங்கில் வழிகிறது. ஈர விறகு புகைகிறது. கண் எரிந்தாலும் எனக்கு இன்று ஒரு குறையுமில்லை.

மத்தியானம் தையல்நாயகி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். சேலை முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். அவிழ்த்து அடுப்புக்குப் பக்கத்தில் கொட்டினாள். கெண்டை, இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

"ஏதுடி?"

"உன் அடுப்படியிலதான் புடிச்சேன். பாத்திரம் கழுவுற தொட்டி இருந்துச்சு பாரு, அந்த எடத்துல."

புளி ஊற வைத்தேன். அவளையும் சாப்பிட இருக்கச் சொன்னேன்.